மானியமும் பத்திரமும்: இரண்டு கலைக்கூடங்களின் கதை



நினைவுப் பேருரை ஆற்ற அழைத்தீர்கள். ஆசானின் பறையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அவரிடம் அடி பழகியவர்கள் நீங்கள். நான் அவருடைய கணக்கு நோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த நோட்டில் தொடங்கி அமெரிக்காவின் சிகாகோ வரை போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மளிகைக்கடைகளில் வைத்திருப்பார்களே, நீளவாக்கில் மடித்த நோட்டு, அதுதான். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி. எந்த ஊர், எத்தனை பேர், பேருந்துச் செலவு, தோல் வாங்கிய செலவு, ஆளுக்கு எவ்வளவு. கடைசியில் ‘இடம்’ என்று தனியாக ஒரு பத்தி. ஒவ்வொரு வாசிப்பிலும் ஆளுக்கு இருபது ரூபாய் பிடித்து அந்தப் பத்தியில் ஏற்றுவார். சேரிக்குள் இரண்டு சென்ட் வாங்கிக் கொட்டகை போட்டால் பிள்ளைகள் வந்து பழகுவார்கள் என்பது அவர் கணக்கு. சாவு வீட்டுக்கு மேளம் அடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்த குழு அது. ஊர்க்காரர்களின் களத்திலோ கோயில் திடலிலோ நின்று பழகிவிட முடியாது. அதனால்தான் இடம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழுவுக்கு ஓர் உதவி நிறுவனத்தின் மூன்றாண்டு நல்கை கிடைத்தது. விண்ணப்பம் எழுதியவன் நான். “இனி எதற்கு ஆசானே அந்த இருபது ரூபாய், வாடகைக்குத்தான் நிதி வந்துவிட்டதே” என்று சொன்னவனும் நான்தான். அவர் மறுத்துப் பேசவில்லை. நோட்டில் ‘இடம்’ என்ற பத்தி அந்த மாதத்தோடு நின்றுபோனது. மூன்றாம் ஆண்டு முடிவில் நிறுவனத்தின் கருப்பொருள் மாறியது. கலை போய் வேறொன்று வந்தது. வாடகைக் கட்டடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் சொத்துப் பதிவேட்டில் உள்ளபடி எண்ணப்பட்டு வண்டி ஏறின. பறைகள் மட்டும் மிஞ்சின. அவை நல்கைக்கு முன்பே எங்களுடையவை.

அடுத்த மாதம் நம் அமைப்பின் பொதுக்குழு கூடுகிறது. இப்போது இன்னொரு நல்கை வாசலில் வந்து நிற்கிறது. வாங்கலாம் என்று பாதிப்பேர், வாங்கினால் விலைபோய்விடுவோம் என்று பாதிப்பேர். வாங்குவதா வேண்டாமா என்பதற்குள்ளேயே நின்று இரு தரப்பும் சண்டை போடுகிறோம். வாங்குகிற பணம் எதன் பெயரில், யார் பெயரில் தங்குகிறது என்று கேட்பதே இல்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

மானியம் நமக்குப் புதிய சொல்லா? இன்று உரத்துக்கும் எரிவாயுவுக்கும் மானியம் என்கிறோம். அதற்கு முன்பு அது நிலம். ஊருக்கு ஊழியம் செய்கிறவனுக்கு விட்டுவைத்த துண்டு நிலம். வெட்டியான் மானியம் என்ற பெயரை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த நிலம் கருணையால் கொடுக்கப்பட்டதல்ல. தமுக்கடிக்க, பிணம் எரிக்க, தாக்கல் சொல்ல, கூப்பிட்ட நேரத்தில் ஒரு சாதியே வந்து நிற்க வேண்டும் என்பதற்காகப் போட்ட கயிறு. மராட்டியத்தில் இதற்கு வதன் என்று பெயர். மகர் மக்களை அது எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டசபையில் எடுத்துவைத்தார். 1874-ஆம் ஆண்டின் பரம்பரைப் பணிகள் சட்டத்தைத் திருத்தும் மசோதா அது. அவர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முழுத் தீர்வையும் கட்டுகிறோம், நிலம் எங்களிடமே இருக்கட்டும், அதோடு சேர்த்துக் கட்டிய ஊழியத்தை அவிழ்த்துவிடுங்கள், அரசுப் பணி செய்கிறவனுக்கு அரசே சம்பளம் கொடுக்கட்டும் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். மசோதா நிறைவேறவில்லை. வதனை ஒழிக்கும் சட்டம் அவர் மறைந்த பிறகு, 1958-இல்தான் வந்தது. கொடையையும் அதோடு வரும் கட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இனி வரும் கதையைச் சொல்கிறேன்.

அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் ஹார்லெம், கறுப்பின மக்களின் பகுதி. அவர் அந்த நகரத்தை விட்டுப் போய் இருபது ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு கலைக்கூடம் திறந்தது. அரசுப் பணத்தில்.

1929-இல் பங்குச்சந்தை சரிந்து அமெரிக்காவே வேலையில்லாமல் தவித்த காலம். 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சாலை போட்டவர்களுக்கும் பாலம் கட்டியவர்களுக்கும் கூலி கொடுத்த அதே திட்டம், ஓவியர், இசைக்கலைஞர், நாடகக்காரர், எழுத்தாளர் ஆகியோருக்கும் கூலி கொடுத்தது. நியூயார்க்கில் ஓவியர் ஒருவருக்கு வாரம் 23 டாலருக்குச் சற்று மேல். கலைஞனுக்கு அரசு பரிசு கொடுக்கும், பட்டம் கொடுக்கும். வாரக்கூலி கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பெரும்பாலோர் தாங்கள் ஏழைகள் என்று முதலில் நிவாரண அலுவலகத்தில் நிரூபித்தாக வேண்டும். படம் வரையத் தெரியும் என்று காட்டுவது அதற்குப் பிறகுதான். நம் விண்ணப்பங்களில் ‘பயனாளிகளின் பின்தங்கிய நிலை’ என்று ஒரு கட்டம் இருக்குமே, நான் அரைநாள் உட்கார்ந்து நிரப்புவேனே, அதன் மூத்த அண்ணன்.

கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்தக் கூலியும் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1935-இல் ஹார்லெம் கலைஞர்கள் சங்கம் கட்டினார்கள். எங்கள் ஆட்களைச் சேர், மேற்பார்வையாளர் பதவியையும் கொடு என்று சண்டை போட்டார்கள். அந்தச் சங்கத்தின் தூண்களில் ஒருவர் அகஸ்டா சாவேஜ் என்ற சிற்பி. 1892-இல் ஃப்ளோரிடாவில் பிறந்தவர். 1923-இல் பிரான்சில் நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்குத் தேர்வாகியும், கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் அமெரிக்கத் தேர்வுக்குழு அவரை விலக்கியது. அவர் சும்மா இருக்கவில்லை, பத்திரிகைகளுக்குக் கொண்டுபோனார். பிறகு ஹார்லெமில் சொந்தமாகக் கலைப்பள்ளி நடத்தினார். 1937 டிசம்பரில் ஹார்லெம் சமூகக் கலை மையம் திறந்தபோது அவரே முதல் இயக்குநர். முதல் 16 மாதங்களில் எழுபதாயிரம் பேருக்கு மேல் அந்த மையத்துக்கு வந்துபோயிருக்கிறார்கள்.

ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞனை சாவேஜ் அரசுத் திட்ட அலுவலகத்துக்குக் கையோடு அழைத்துப் போனார். வயது போதாது, 21 ஆகவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் மறந்தேபோனான். அம்மையார் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு அவனுக்கு வயது வந்ததும் மறுபடி அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார். தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த வரலாற்றை 60 ஓவியங்களாக 1941-இல் வரைந்து முடித்த லாரன்ஸ் அவன்தான். ஆசானும் இப்படி ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்காக நின்றது எனக்கு நினைவுக்கு வருகிறது. நல்கை பெற ஒரு படிவம் போதும் என்று நினைக்கிறோம். படிவத்துக்கும் பையனுக்கும் நடுவில் இப்படி ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு எந்தத் திட்டத்திலும் செலவுத்தலைப்பு இருக்காது.

சாவேஜுக்கு என்ன ஆனது? 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சிற்பம் செய்ய அழைப்பு வந்தது. இயக்குநர் பொறுப்பிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். பாடும் கறுப்பினப் பிள்ளைகளையே யாழின் நரம்புகளாக நிறுத்தி, 16 அடி உயரத்தில் ஒரு சிற்பம். கண்காட்சியில் மிகுந்த பேரும் புகழும் பெற்ற படைப்பு. சாந்தில் செய்தது அது. வெண்கலத்தில் வார்க்கவோ எடுத்துப்போய் வைக்கவோ பணம் இல்லை. வைக்க இடமும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் மற்றக் கட்டுமானங்களோடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள். இன்று நம்மிடம் இருப்பவை அதன் புகைப்படங்களும், நினைவுப்பொருளாக விற்ற சிறு உருவங்களும்தான். விடுப்பு முடிந்து திரும்பியபோது இயக்குநர் நாற்காலியும் அவருக்கு இல்லை. அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற கவிஞர் க்வெண்டலின் பென்னெட்டையும் 1941-இல் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் நீக்கினார்கள். போர் வந்தது, கூலிப்பணம் நின்றது, மையம் மூடப்பட்டது. அந்த இடம் ஹார்லெம் மக்களின் பெயரில் இருந்ததில்லை. கூலி போன அன்றே கூரையும் போனது.

சந்தேகம் என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். 1938-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ‘தேசவிரோத’ நடவடிக்கைகளை விசாரிக்க ஒரு குழு அமைத்தது. அரசு நாடகத் திட்டத்தின் தலைவர் ஹாலி ஃபிளனகனை நிறுத்தி விசாரித்தார்கள். அவர் தம் கட்டுரையில் மார்லோ என்று எழுதியிருந்த ஆள் கம்யூனிஸ்ட்டா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் மார்லோ. அவையில் சிரித்தார்கள். ஆனால் 1939 ஜூன் 30-இல் நாடகத் திட்டத்தை இழுத்து மூடினார்கள். நாடெங்கும் இருந்த கறுப்பின நாடகக் குழுக்களும் அதோடு கலைந்தன. சிரிப்பு வரவழைக்கிற கேள்வி கேட்கிறவரிடம்தான் பெரும்பாலும் பேனா இருக்கிறது.

அதே 1939 சட்டம் இன்னும் சில நிபந்தனைகள் போட்டது. 18 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களை நீக்க வேண்டும். அரசுக்கு விசுவாசமானவன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். திட்டச் செலவில் கால் பங்கை உள்ளூரில் திரட்ட வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனை ஏழைகளுக்குக் கொடுமையானதுதான். ஆனால் உள்ளூர்ப் பங்கு இல்லாமல் மையம் இல்லை என்ற அந்த நெருக்கடியைத்தான் சிகாகோவின் தென்பகுதி மக்கள் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார்கள்.

சிகாகோவில் கறுப்பின மக்கள் இந்தத் தெருவுக்கு மேல் குடியிருக்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதிவைத்திருந்த காலம் அது. ஊர், சேரி என்று நாம் சொல்வதை அவர்கள் பத்திரத்தில் பதிந்துவைத்திருந்தார்கள். அந்த எல்லைக்குள் அடைந்து கிடந்த மக்களிடையே 1932-லேயே ஓவியர் சங்கம் ஒன்று தொடங்கியது. ஜார்ஜ் நீல் என்ற ஆசிரியரைச் சுற்றிக் கூடிய இளைஞர்கள். விருந்து நடத்திக் காசு சேர்ப்பார்கள். அந்தக் காசில் தங்களில் ஒருவரைப் புகழ்பெற்ற கலைக்கல்லூரிக்கு அனுப்புவார்கள். அவர் கற்றுவந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருவர் கட்டணத்தில் எல்லோருக்கும் படிப்பு! பின்னாளில் பெரும் ஓவியரான சார்ல்ஸ் வைட் அந்தக் கூட்டத்துப் பையன். மார்கரெட் டெய்லர் என்ற இளம்பெண்ணும் அதில் உண்டு. மார்கரெட் பரோஸ் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும்.

1938-இல் அரசுத் திட்டக்காரர்கள் வந்தார்கள். ஆசிரியர்களின் கூலியை நாங்கள் கொடுக்கிறோம், கட்டடத்தை நீங்கள் தேடுங்கள் என்றார்கள். வாடகைக்குப் பிடித்திருக்கலாம். அவர்கள் விலைக்கு வாங்கத் தீர்மானித்தார்கள். பரோஸ் தெருமுனையில் டப்பாவோடு நின்றார். அந்த இயக்கத்தின் பெயரே ‘ஒரு மைல் பத்து சென்ட்’. (நில சென்ட் அல்ல, அவர்களுடைய காசு சென்ட்.) பத்து சென்ட் நாணயங்களை ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாக வைக்கும் அளவு சேர்ப்பது இலக்கு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நாணயத்தின் அகலம் 18 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மைலுக்கு ஏறக்குறைய 90,000 நாணயங்கள் பிடிக்கும். அதாவது 9,000 டாலர். அவர்கள் வாங்கிய வீட்டின் விலை ஏறக்குறைய 8,000 டாலர். பாட்டாளிகள் டப்பாவில் காசு போட்டார்கள். வசதி உள்ளவர்களிடம் பணம் வாங்க ஆண்டுதோறும் கலைஞர்களின் அலங்கார நடன விழா நடந்தது. அதில் பகட்டு உண்டு. அந்தச் சமூகத்துக்குள்ளும் வகுப்பு உண்டு, மேட்டிமை உண்டு. அதை மறைத்து நான் இதைப் புனிதக்கதை ஆக்க விரும்பவில்லை.

தெற்கு மிச்சிகன் சாலை 3831-ஆம் எண் வீடு. 1890-களில் ஒரு வெள்ளைத் தானிய வணிகர் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை. கறுப்பின மக்கள் பக்கத்தில் குடிவரத் தொடங்கியதும் வெள்ளைப் பணக்காரர்கள் விட்டுப்போன தெரு அது. அரசுத் திட்டம் உள்ளே மரப்பலகை அடித்துக் காட்சிக்கூடம் அமைத்தது. 1940 டிசம்பரில் திறந்தது. 1941 மே மாதம் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்து முறைப்படி தொடங்கிவைத்தார். அந்த ஆண்டே அங்கே நடந்த கவிதை வகுப்பில் க்வெண்டலின் ப்ரூக்ஸ் என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தார். வகுப்பை நடத்தியவர் இனெஸ் ஸ்டார்க் என்ற செல்வந்த வெள்ளைப் பெண்மணி. 1950-இல் புலிட்சர் பரிசு பெற்றார் ப்ரூக்ஸ், அப்பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர். கட்டடத்தின் நிலவறையில் கார்டன் பார்க்ஸ் புகைப்படம் கழுவிக்கொண்டிருந்தார்.

1943-இல் அரசுத் திட்டம் முடிந்தது. கூலி நின்றது. ஹார்லெமுக்கு நடந்ததே இங்கும் நடந்தது. ஆனால் வீடு இருந்தது. ஆசிரியர்கள் கூலி இல்லாமல் வகுப்பு எடுத்தார்கள், விழா நடத்தினார்கள், பெண்கள் அமைப்புகள் தாங்கிப்பிடித்தன. ஏழ்மையாகத்தான் நடந்தது, பல ஆண்டுகள் இழுபறி. 1950-களின் தொடக்கத்தில் கம்யூனிச பயம் நாட்டைப் பிடித்து ஆட்டியபோது, டப்பா ஏந்தி நின்ற பரோஸையும் அவர் நண்பர்களையும் அந்த வீட்டின் நிர்வாகமே ஓரங்கட்டியது. பத்திரம் கையில் இருந்தாலும் பயம் உள்ளே வரும். அரசு கேட்காமலேயே நாமே நம் ஆட்களை விலக்குவோம். நம் அமைப்புகளில் இது நடக்கவில்லையா? பரோஸ் 1961-இல் அதே தெருவில், எதிர்ப்புறம் இருந்த தம் வீட்டிலேயே கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். மறுபடியும் முதலில் வீடு. அது வளர்ந்துதான் இன்றைய டூசாபிள் அருங்காட்சியகம்.

1965-ஐயும் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன், வாங்கக் கூடாது என்கிற தோழர்களுக்காக. மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட பிறகு, பிற்காலத்தில் அமிரி பராகா என்று பெயர் மாற்றிக்கொண்ட லீராய் ஜோன்ஸ் ஹார்லெமில் கறுப்பினக் கலை நாடகப்பள்ளியைத் தொடங்கினார். அந்தக் கோடையில் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பணம் கிடைத்தது. தெருத்தெருவாக நாடகம், ஜாஸ், கவிதை, ஓவியம். ஹார்லெம் அப்படி ஒரு கோடையை அதற்கு முன் கண்டதில்லை. வெள்ளையரைத் திட்டும் நாடகத்துக்கு வெள்ளை மாளிகையின் பணமா என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. திட்டத்தின் தேசியத் தலைவர் சார்ஜண்ட் ஷ்ரைவர் பார்க்க வந்தபோது உள்ளே விடவில்லை. பணம் நின்றது. உட்பூசலும் சேர்ந்து ஓராண்டுக்குள் பள்ளி சிதறியது. அந்தக் காலத்துத் தவறுகளைப் பராகாவே பின்னர் தம் தன்வரலாற்றில் கடுமையாக விமர்சித்தார். அவர்களுடைய கோபம் தவறு என்று நான் சொல்லவில்லை. எதிரி என்று அறிவித்தவனின் பணத்தில் மறுமாத வாடகையை நம்பி உட்கார்ந்திருந்தது கணக்குப் பிழை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சேரிக் கலைக்குழுக்களுக்கு வெளிப்பணம் பெரும்பாலும் எப்படி வந்தது? நேரடியாக அல்ல. பதிவும் வங்கிக்கணக்கும் ஆங்கிலம் தெரிந்த அலுவலரும் உள்ள பெரிய தொண்டு நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து கிளைவழியாகக் கிராமத்துக்கு. வெளிநாட்டு நிதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வந்தது. 2010-இல் புதிய சட்டம். 2020-இல் திருத்தம் வந்தபோது, வாங்கிய நிதியை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-க்குக் குறைத்தார்கள். பெரிய நிறுவனத்தில் திட்டம் சுருங்கும். கிளைவழியில் காத்திருந்த குழுவுக்கு வாய்க்காலே அடைபட்டது. அந்தக் குழுவின் பெயர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அது மூடப்பட்டதாகவும் எங்கும் பதிவாகாது.

சிகாகோ வீடு இன்றும் இருக்கிறது. 1994-இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. பெரிய அறக்கட்டளைகள் இன்று பழுதுபார்க்கப் பணம் தருகின்றன. அந்த வீடும் நல்கை வாங்குகிறது, தோழர்களே. வாங்கும்போது பேரம் பேச முடிகிறது. வேண்டாம் என்று சொன்னால் தெருவுக்கு வந்துவிட மாட்டார்கள்.

ஆகவே பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் தீர்மானத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்கையை வாங்குவோம். பயிற்றுநர் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் கருவிக்கும் வாங்குவோம். கூரைக்கு வாங்க வேண்டாம். கருவிகள் திட்டம் முடிந்ததும் அமைப்பின் உடைமை என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்து வேண்டாம். நிகழ்ச்சிக்கு இருபது ரூபாயை, இன்றைய விலைவாசிக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளலாம், திரும்பவும் பிடிக்கத் தொடங்குவோம். இடம் வாங்கினால் யார் பெயரில் பதிவது என்பதைப் பெண்கள் குழு முடிவு செய்யட்டும். தனி ஆள் பெயரில் வேண்டாம், என் பெயரில் வேண்டவே வேண்டாம்.

ஆசான் அதுவரை ‘இடம்’ பத்தியில் சேர்த்த தொகை, நல்கை நின்ற பிறகு வாடகை பாக்கிக்குப் போனது. அதையும் அவர் நோட்டில் எழுதியிருக்கிறார், தேதியோடு. யார் மீதும் குறை எழுதவில்லை. நோட்டை அவர் மகள் என்னிடம் கொடுத்திருக்கிறார். பொதுக்குழுவுக்கு எடுத்து வருகிறேன்.